அப்பாவின் கையில் ஒட்டிய பட்டை: எந்த எண்ணை நம்புவது?

எழுதியிருப்பவர் 43 வயதுப் பெண். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நீளமான கடிதம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 71 வயது. 14 வருடமாகச் சர்க்கரை, அதற்கு முன்பிருந்தே ரத்த அழுத்தம். காலையில் கிளிமிபிரைடு, இரண்டு வேளை மெட்ஃபார்மின், பிரஷருக்குத் தனியாக இரண்டு மாத்திரை, அப்படியும் பிரஷர் அடங்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன்பு தம்பி ஒரு பட்டை வாங்கித் தந்திருக்கிறார். பிளாஸ்திரி மாதிரி மேல்கையில் ஒட்டிக்கொள்ளும், வளைந்துகொடுக்கும், விலையும் குறைவு. ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒட்டை மட்டும் மாற்றினால் போதும். துடிப்பு, ஆக்சிஜன், வெப்பம், பிரஷர், சர்க்கரை என்று ஐந்து எண்கள் போனில் வந்துகொண்டே இருக்கும்.

வாங்கிய இரண்டாவது வாரம், இரவு இரண்டரை மணிக்கு போன் அலறியது. ஆக்சிஜன் 84. பதறிப்போய் மருத்துவமனைக்கு ஓடினார்கள். அங்கே விரலில் மாட்டிப் பார்த்தால் 97. "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் வாரத்தில் நான்கைந்து இரவு 82, 85 என்று வருகிறது. பொய் என்று முடிவுகட்டி இரவு எச்சரிக்கையை அணைத்து வைத்திருக்கிறார். சர்க்கரை எண் மட்டும் எப்போதும் 110-க்கும் 130-க்கும் நடுவில். ஆரம்பத்தில் இரண்டு முறை விரலில் குத்திப் பார்த்தபோது பொருந்தியதால் மூன்று வாரமாக விரலில் குத்துவதையே விட்டுவிட்டார்கள். ஒரு நாள் பதினொரு மணிவாக்கில் அப்பாவுக்குக் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்திருக்கிறது. பட்டையில் 118. சர்க்கரை இல்லை, வெயில்தான் என்று விட்டுவிட்டார்கள். சாப்பிட்டதும் சரியாகிவிட்டது.

இவை தவிர, அப்பாவின் குறட்டை தாங்காமல் அம்மா வேறு அறையில் படுக்கிறார். பகலில் அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார். ஒட்டிய இடத்தில் அரிப்பு. தன் அளவுகள் மகள், இரண்டு மகன்கள் ஆகிய மூவர் போனிலும் ஓடுவது தெரியவந்த அன்று அப்பா கோபித்துக்கொண்டு பேசவேயில்லை.

கேள்விகள் இவை: சர்க்கரை நன்றாக இருப்பதால், அப்பா ஆசைப்படுவதுபோல மாத்திரையைப் பாதியாக்கலாமா? ஆக்சிஜன் பொய் என்றால் மற்றவையும் பொய்யா? விலை குறைந்ததை வாங்கியதுதான் தப்பா? அம்மா சொல்வதுபோலத் தூக்கி எறிந்துவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை ஆக்சிஜன் விஷயத்தில் நின்றேன். இரண்டாம் தடவை, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தப் பதினொரு மணி வியர்வையில் நின்றேன். இந்த இரண்டையும் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஐந்து எண்களில் நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது நம்பக் கூடாத எண்ணை. பொய் என்று ஒதுக்கி வைத்திருப்பது, ஒருவேளை நிஜமாகவே ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும் எண்ணை. இதில் உங்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தையும் ஒரே அளவு எழுத்தில், ஒரே பச்சை நிறத்தில் காட்டினால் ஐந்தும் ஒரே தரம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இதைப் படித்து முடிக்கும் முன்பே

அப்பாவின் மாத்திரையில் கை வைக்காதீர்கள். விரலில் குத்திப் பார்ப்பதை இன்றே மறுபடி தொடங்குங்கள். காலை வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று என்று ஒரு வாரத்துக்குப் பார்த்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

அந்தப் பதினொரு மணிக்கு நடந்தது, பெரும்பாலும், சர்க்கரை இறங்கிப்போனது. கை நடுக்கம், வியர்வை, சாப்பிட்டதும் தெளிவு: பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல அப்படியே எழுதியிருக்கிறீர்கள். கிளிமிபிரைடு, கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. சாப்பாடு தாமதமானாலும் குறைந்தாலும் அது தன் வேலையை நிறுத்தாது. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் கொஞ்சம் மந்தமானால் மருந்தின் வேகம் உடம்பில் இன்னும் அதிக நேரம் நிற்கும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உங்கள் அப்பா இரண்டும் சாப்பிடுகிறார்.

மறுபடி அப்படி வந்தால் பட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் சுமார் 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ, அதாவது மூன்று தேக்கரண்டி அளவு, தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். மீட்டர் கைக்கு எட்டவில்லை என்றால் சோதிக்காமலே கொடுத்துவிடலாம். இறங்கிய சர்க்கரையைக் கவனிக்காமல் விடுவது, கொஞ்ச நேரம் சர்க்கரை கூடிப்போவதைவிடப் பல மடங்கு ஆபத்து. நினைவு தப்பினால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர உதவிக்கு அழையுங்கள்.

மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்ற அப்பாவின் ஆசை கடைசியில் சரியாகவே இருந்துவிடலாம். 71 வயதில் சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பதைவிட, இறங்கிப்போகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம் என்றுதான் இன்று பெரும்பாலான மருத்துவர்கள் கருதுகிறோம். கிளிமிபிரைடின் அளவைக் குறைக்கவோ வேறு மாத்திரைக்கு மாற்றவோ உங்கள் மருத்துவர் யோசிக்கக்கூடும். ஆனால் அதற்கு அவர் பார்க்க வேண்டியது உங்கள் விரல் அளவுகளையும், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையையும், அந்த முற்பகல் சம்பவத்தையும். பட்டை காட்டிய 118-ஐ வைத்து முடிவெடுத்தால், இறங்கும் ஆபத்தும் தெரியாது, ஏறும் ஆபத்தும் தெரியாது.

அந்தப் பட்டை உண்மையில் எதைத் தொடுகிறது?

அடுத்த முறை ஒட்டு மாற்றும்போது பட்டையைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் மிளகளவில் இரண்டு மூன்று விளக்குகள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒன்று. பக்கத்தில் கறுப்பாக ஒரு சின்னச் சதுரம், தோலுக்குள் போய்த் திரும்பும் வெளிச்சத்தை அளப்பது அதுதான். இந்த வகைப் பட்டைகளில் செம்புக் கம்பிகள் நேராக ஓடாமல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போவதைப் பார்க்கலாம். தோல் இழுபடும்போது கம்பி அறுந்துவிடாமல் வளைவு விரிந்துகொடுக்கும். தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும் மின்னணுத் தகட்டை அமெரிக்க ஆய்வாளர் ஜான் ராஜர்ஸ் குழுவினர் 2011-இல் 'சயன்ஸ்' இதழில் விவரித்தபோது இந்த வளைவு உத்தியும் பரவலாகப் பேசப்பட்டது. அழகான வேலைப்பாடு அது. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது 24 மணி நேர ஈ.சி.ஜி. என்றால் நோயாளி இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு, மார்பு முழுக்கக் கம்பி தொங்க நடப்பார். இன்று அதே வேலையைத் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒட்டு செய்கிறது.

ஆக, நீங்கள் விவரித்த பட்டை தொட்டுப் பார்ப்பது மூன்றைத்தான்: வெளிச்சம், தோலின் வெப்பம், கையின் அசைவு. மற்றதெல்லாம் கணக்கு. தொட்டதற்கும் காட்டும் எண்ணுக்கும் நடுவில் தூரம் எவ்வளவோ, அந்த அளவு சந்தேகமும் வேண்டும்.

துடிப்புக்குத் தூரம் மிகக் குறைவு. ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடியில் ரத்தம் கூடிக் குறையும், திரும்பும் பச்சை வெளிச்சமும் அதோடு குறைந்து கூடும். எண்ணினால் போதும். அப்பா அசையாமல் இருக்கும்போது இந்த எண்ணை ஓரளவு தைரியமாக நம்பலாம்.

ஆக்சிஜனுக்கு இன்னொரு படி தாண்ட வேண்டும். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் சிவப்பு, அகச்சிவப்பு வெளிச்சத்தை வேறுவேறு அளவில் உறிஞ்சும். அந்த விகிதத்திலிருந்து சதவீதத்தைக் கணிக்கலாம் என்று ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அஓயாகி 1974-இல் காட்டினார். விரலில் மாட்டும் கருவியும் அதே தத்துவம்தான். விரல் மெல்லியது, வெளிச்சம் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். மேல்கையில் அப்படி முடியாது, பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் கிடைக்கும். அதனால் பிழை கூடுதல். ஆனாலும் பாதை இருக்கிறது.

சர்க்கரைக்குப் பாதையே இல்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, அவற்றை நம்பி மருந்தின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று. உங்கள் பட்டையும் தோலைத் துளைப்பதில்லை.

"பிறகு எப்படி இரண்டு முறை பொருந்தியது?" என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. முதல் வாரம் விரலில் குத்திய அளவுகளையும் வயதையும் எடையையும் செயலியில் பதியச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த எண்ணின் அக்கம்பக்கத்தையே அது உங்களுக்குத் திருப்பிக் காட்டியிருக்க வாய்ப்பு அதிகம். சாப்பிட்ட பிறகும், சாப்பிடாதபோதும், வியர்த்து நடுங்கியபோதும் 110-க்கும் 130-க்கும் நடுவிலேயே நிற்கும் சர்க்கரை, 14 வருடச் சர்க்கரைக்காரர் உடம்பில் இருக்காது. சந்தேகம் தீரவில்லை என்றால் பட்டையை ஒரு சுருட்டிய துண்டில் ஒட்டிப் பாருங்கள். துண்டுக்கும் சர்க்கரை காட்டினால் விஷயம் முடிந்தது. காட்டாவிட்டால் அப்பாவுக்குக் காட்டுவது சரி என்று அர்த்தமாகாது.

வியர்வையிலிருந்து அளக்கிறது என்று தம்பி சொன்னாராமே. அப்படி ஓர் ஆராய்ச்சி இருப்பது உண்மை. வியர்வையில் உள்ள சர்க்கரை, உப்புகள் முதலியவற்றை ஒரே பட்டையில் அளந்து காட்டி 2016-இல் 'நேச்சர்' இதழில் ஒரு குழு எழுதியது, நானும் ஆர்வமாகப் படித்தேன். ஆனால் வியர்வையில் இருக்கும் சர்க்கரை ரத்தத்தில் இருப்பதில் நூறில் சில பங்குதான். எவ்வளவு வேகமாக வியர்க்கிறது, தோலில் முன்பே என்ன ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். அதைவிட முக்கியமான ஒன்று: சர்க்கரையை வேதியியல் முறையில் அளக்கும் சென்சார்களில் பொதுவாகக் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போன்ற ஒரு நொதி (என்சைம்) இருக்கும். அது தேய்ந்துபோகும் பொருள். நீங்களோ நான்கு மாதமாக ஒட்டை மட்டும்தான் மாற்றுகிறீர்கள்.

விரலில் குத்தும் வேதனையிலிருந்து அப்பாவை விடுவிக்க வேண்டுமென்றால் அதற்கு நிஜமான வழி ஒன்று உண்டு. தோலுக்கடியில் முடி போன்ற ஓர் இழையைச் செருகி, 10 முதல் 14 நாள் வரை தொடர்ச்சியாகச் சர்க்கரையைச் சொல்லும் சென்சார்கள். இவை அளப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு நடுவே ஊறும் நீரை. அதனால் ரத்தச் சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பின்தங்கும். அதன் மேலேயே அழுத்திப் படுத்தால் இல்லாத தாழ்வைக் காட்டும். உடம்பு ஒன்று சொல்லி, கருவி வேறொன்று சொன்னால் அப்போதும் விரலில் குத்தத்தான் வேண்டும். செலவு கூடுதல். வருடம் முழுக்க மாட்ட முடியாவிட்டாலும், மாத்திரையை மாற்றியமைக்கும் இரண்டு வாரத்துக்கு மட்டும் மாட்டிப் பார்ப்பது உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு மிகவும் உதவும். மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

விலை குறைந்ததால்தான் தப்பா?

இல்லை. இந்த எண்ணத்தை நீங்கள் விட்டுவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தம்பி மேல் இதற்காகக் கோபப்படவும் வேண்டாம்.

நீங்கள் நம்பும் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பை எடுத்துப் பாருங்கள். அதுவே மெல்லிய, வளையும், மலிவான சென்சார்தான். பிளாஸ்டிக் தகட்டின் மேல் மின்கடத்தும் மையில் கோடுகளை அச்சடித்து, நுனியில் நொதியைத் தடவியிருப்பார்கள். ஒரு சொட்டு ரத்தத்தோடு தூக்கிப் போட்டுவிடுகிறோம். ஆனால் ஐ.எஸ்.ஓ. 15197 என்ற சர்வதேசத் தரம் அதைக் கட்டுப்படுத்துகிறது. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 100-க்கு மேல் உள்ள அளவுகளில் நூற்றுக்கு 95 முடிவுகளாவது ஆய்வகம் சொல்வதிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈ.சி.ஜி. எடுக்கும்போது மார்பில் ஒட்டும் வட்டங்களும் அப்படித்தான், வெள்ளி, வெள்ளிக் குளோரைடு பூசிய மலிவுப் பொருள்கள். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் சாதாரணக் காகிதத்தில் பென்சிலால் கோடு வரைந்தே தோலில் ஒட்டும் சென்சார் செய்து காட்டினார்கள்.

மலிவான சென்சார் நல்ல விஷயம். மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்கு வேறு வழியே இல்லை என்பதால் இன்னும் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். பெட்டியைக் கையில் எடுத்தால் பார்க்க வேண்டியது வேறு: எந்த எண்ணை, எந்தக் கருவியோடு ஒப்பிட்டு, யார் சோதித்தார்கள்? மருத்துவக் கருவியாக அனுமதி பெற்றதா, எந்த அளவுக்காகப் பெற்றது? துடிப்புக்கு வாங்கிய அனுமதி சர்க்கரைக்குச் செல்லாது. உங்கள் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் "நோய் கண்டறியவோ சிகிச்சைக்கோ பயன்படுத்தக் கூடாது" என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அது இருந்தால், விற்றவர்களே பொறுப்பேற்காத எண்ணை வைத்து நாம் மாத்திரையைப் பாதியாக்கப் பார்த்தோம் என்று பொருள்.

பொய் என்று நீங்கள் அணைத்து வைத்த எண்

இப்போது ஆக்சிஜனுக்கு வருகிறேன். மருத்துவமனையில் 97 காட்டியது, அதனால் வீட்டில் காட்டிய 84 பொய். உங்கள் கணக்கு இது. ஆனால் மருத்துவமனையில் அப்பா விழித்திருந்தார். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

குறட்டை, பகல் தூக்கம், இரண்டு மாத்திரைக்கும் அடங்காத பிரஷர், இரவில் மட்டும் இறங்கும் ஆக்சிஜன். இவை நான்கையும் சேர்த்துப் படித்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது தூக்கத்தில் மூச்சுத்தடை. ஆழ்ந்து தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு போகும் வழி அடைபடும். பத்து விநாடி, சில சமயம் அதற்கும் மேல் காற்றே போகாது. ஆக்சிஜன் இறங்கும். மூளை உலுக்கி எழுப்பும், ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும், ஆக்சிஜன் ஏறும். தூங்குபவருக்கு எதுவும் நினைவிருக்காது. மணிக்கு ஐந்து முறைக்கு மேல் என்றாலே கவனிக்க வேண்டும், 30-ஐத் தாண்டினால் தீவிரம். எழுந்து உட்கார்ந்து, ஆடை மாற்றி, வண்டியேறி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அளவு 97-க்கு வந்துவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

உங்கள் அப்பாவுக்கு அதுதான் என்று நான் கடிதத்தை வைத்துச் சொல்லவில்லை. பட்டை தளர்ந்திருந்தாலும், அந்தக் கையின் மேலேயே படுத்தாலும், கை சில்லிட்டிருந்தாலும் ஆக்சிஜன் தாழ்ந்து தெரியும். வித்தியாசத்தை நீங்களே ஓரளவு பார்க்கலாம். செயலியில் இரவு முழுவதற்குமான வரைபடத்தைத் திறங்கள். எண் சடாரென்று விழுந்து, நேர்கோடாகக் கிடந்து, நடுவில் அளவே இல்லாமல் விட்டுப்போயிருந்தால் ஒட்டுக் கோளாறாக இருக்கலாம். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ரம்பப் பல் மாதிரி இருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

தோல் நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிச்சத்தால் ஆக்சிஜன் அளக்கும் கருவிகள் கருமையான தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் போக்குள்ளவை. 2020-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களின் அளவீடுகளில் 3.6 சதவீதம். மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் கருவிகளிலேயே இந்த நிலை. நம்மைப் போன்ற நிறத்தவர்கள் தாழ்ந்த அளவைப் பார்த்ததும் பொய் என்று ஒதுக்கிவிடாமல் இருக்க இது இன்னொரு காரணம்.

இதற்குப் பரிசோதனை பெரிய காரியமில்லை. ஒரு இரவு விரலில் ஆக்சிஜன் கருவி, மூக்கில் மெல்லிய குழாய், மார்பில் ஒரு பட்டி என்று மாட்டிக்கொண்டு வீட்டிலேயே தூங்கிச் செய்யும் சோதனைகள் உண்டு. தேவைப்பட்டால் தூக்க ஆய்வகத்தில் செய்வார்கள். மூச்சுத்தடை உறுதியானால், இரவில் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் சீபேப் கருவி நன்றாகவே வேலை செய்கிறது. கவனிக்காமல் விட்டால் பிரஷர் அடங்காது, இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து கூடும், சர்க்கரையும் கட்டுக்குள் வரச் சிரமப்படும். அப்பா வண்டி ஓட்டுகிறவர் என்றால், சோதனை முடியும்வரை ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எச்சரிக்கையை மறுபடி போட வேண்டுமா? போடலாம், ஆனால் ஒவ்வொரு அலறலுக்கும் ஓட வேண்டாம். அலறினால் முதலில் அப்பாவைப் பாருங்கள். எழுப்பினால் தெளிவாகப் பேசுகிறாரா, மூச்சு வாங்குகிறதா, உதடு நீலமாக இருக்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா? எழுப்பியும் தெளியவில்லை, அல்லது விழித்திருக்கும்போதும் விரல் கருவியில் 92-க்குக் கீழேயே நிற்கிறது என்றால் நேரத்தைப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். விழித்ததும் 96, 97-க்கு வந்துவிட்டால் நேரத்தைக் குறித்துக்கொண்டு நீங்களும் படுங்கள். நான்கு மாதமாக ஒழுங்காகத் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தூக்கமும் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

மற்றவை

பிரஷர் எண்ணை மறந்துவிடுங்கள். கையைச் சுற்றிக் காற்றடிக்கும் பட்டி இல்லாமல் பிரஷர் சொல்லும் கருவிகளை நோய் கண்டறியவோ மருந்தை மாற்றவோ இப்போதைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தக் கழகம் 2022-இல் சொன்னது. மேல்கையில் காற்றடிக்கும் கருவி ஒன்று இருந்தால் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் வைத்துப் பாருங்கள். வெப்பமும் தோலின் வெப்பம்தான், உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம்.

அரிப்புக்கு ஒட்டில் உள்ள பசைப்பொருள் காரணமாக இருக்கலாம். இத்தகைய கருவிகளில் வரும் ஐசோபார்னைல் அக்ரிலேட் என்ற பொருளை அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமை மருத்துவர் கழகம் 2020-ஆம் ஆண்டின் முக்கிய ஒவ்வாமைப் பொருளாகவே அறிவித்தது. ஒவ்வொரு முறையும் கை மாற்றி, இடம் மாற்றி ஒட்டுங்கள். கொப்புளமோ நீர்க்கசிவோ வந்தால் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள், சர்க்கரைக்காரர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். களிம்பைத் தடவி அதன் மேலேயே ஒட்டுவது மட்டும் வேண்டாம்.

அப்புறம், அப்பாவின் கோபம். "அவர் நல்லதுக்குத்தானே செய்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனாலும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. எப்போது தூங்கினார், எப்போது எழுந்தார், எப்போது நடந்தார் என்பதெல்லாம் தெளிவான புத்தியுள்ள ஒரு மனிதரின் சொந்த விஷயம். அவரைக் கேட்காமல் மூன்று போன்களுக்கு அது போனது தவறு. மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், சுற்றி வளைக்காமல். யாருக்கு எது போகலாம் என்பதை அவரே சொல்லட்டும். இரவு ஆக்சிஜன் மட்டும் உங்களுக்கு, மற்றவை யாருக்கும் வேண்டாம் என்று அவர் சொன்னால் அப்படியே செய்யுங்கள். கணக்கு இப்போது தம்பி பெயரில் இருக்கிறது, அதை அப்பா பெயருக்கு மாற்றுங்கள். இருப்பிடம், தொடர்பு எண்கள், புகைப்படங்கள் ஆகியவற்றுக்கான அனுமதி இந்தச் செயலிக்குத் தேவையே இல்லை, எடுத்துவிடுங்கள். தகவலை யாரோடு பகிர்கிறார்கள், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்று அவர்களுடைய தனியுரிமைப் பக்கத்தில் பாருங்கள். பதில் இல்லாவிட்டால் நோயின் பெயர், மாத்திரையின் பெயர் எதையும் அதில் பதியாதீர்கள்.

அம்மா சொல்வதுபோலத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சர்க்கரை, பிரஷர் இரண்டையும் திரையிலிருந்து மறைக்க வழி இருந்தால் மறைத்துவிட்டு, துடிப்புக்கும் இரவு வரைபடத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கப் பரிசோதனை முடிந்த பிறகு தேவையா என்று அப்பாவிடமே கேட்டுக்கொள்ளலாம்.

மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு முன்பு, அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஒரு இரவு அவர் தூங்கி ஒரு மணி நேரம் ஆனதும் அறையில் பத்து நிமிடம் உட்காருங்கள். போனைப் பார்க்க வேண்டாம். குறட்டையைக் கேளுங்கள். அது திடீரென்று நின்று, மார்பு மட்டும் ஏறி இறங்க, சத்தமே இல்லாமல் போகிறதா? மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். எத்தனையில் மூச்சு திரும்பியது, பத்து நிமிடத்தில் எத்தனை முறை அப்படி நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வார விரல் அளவுகள், இரவு வரைபடம், இந்தத் தாள், மூன்றையும் மருத்துவர் மேசையில் வையுங்கள். அங்கே என்ன சொன்னார்கள் என்பதை எனக்கும் எழுதுங்கள்.